ஃபைபர் பயிற்சிப் பெட்டி: கிளீவர் அருமை, கனெக்டர் ஏமாற்றம்

இணையத்துக்கான கண்ணாடி இழையை (ஃபைபர்) வெட்டி இணைக்கப் பழகும் பெட்டி இது. பெயர் தெரியாத நிறுவனத் தயாரிப்பு. இழையின் பூச்சை உரிக்கும் மூன்று துளை ஸ்டிரிப்பர், இழையை நேராக வெட்டும் கிளீவர், ஒளியின் வலிமையை அளக்கும் பவர் மீட்டர், 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் பேனா, இழை முனையில் பொருத்தும் ஃபாஸ்ட் கனெக்டர்கள் உள்ளே இருக்கின்றன.

கொடுத்த காசுக்குக் கிளீவர் ஒன்றே போதும். 250 மைக்ரான் பூச்சை உரித்து, 125 மைக்ரான் கண்ணாடியை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, அதன் பிறகே வெட்ட வேண்டும். வெட்டியபின் துடைத்தால் முனையில் அழுக்கு ஒட்டும். ஒளி ஓடும் உட்கரு சுமார் 9 மைக்ரான்தான். ஒரு தூசி போதும், ஒளி இழப்பு எகிறிவிடும்.

கனெக்டர்கள்தான் குறை. அத்தனையும் முனை சாயாத, நீல நிற யூபிசி வகை. சிங்கப்பூர் வீடுகளின் ஃபைபர் முனையப் பெட்டியில் இருப்பதோ முனை 8 டிகிரி சாய்ந்த பச்சை நிற ஏபிசி வகை. இரண்டையும் செருகினால் இடையில் காற்று இடைவெளி விழும், எதிரொளிப்பும் கூடும். பச்சை கனெக்டர் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பவர் மீட்டரில் 1490 நானோமீட்டர் அளவீடு உண்டு. ஜிபான் (ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் முறை) இணைப்பில் வீட்டுக்கு வரும் ஒளி அதுதான். அந்த ஒளியை வீட்டில் வாங்கும் பி பிளஸ் வகைக் கருவிக்கு, ஒளியின் வலிமை -8 முதல் -27 டிபிஎம் (ஒளி வலிமையின் அலகு) வரை இருந்தால் சரி. -27ஐ நெருங்கினால் ஒளி மங்குகிறது என்று பொருள், முதலில் முனையைத் துடைத்துப் பாருங்கள்.

கண்ணாடித் துணுக்குகளைப் போட மூடியுள்ள டப்பா தரவில்லை. பிள்ளைகள் தவழும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இது சின்ன விஷயமல்ல. கண்ணுக்கே தெரியாத துணுக்கு தோலில் ஏறிவிடும். மூடி இறுகும் பழைய மருந்துப் புட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.