நார்வே கிராண்ட், வீவ், பிஎச்சி: ரெண்டு நாட்டு ஆராய்ச்சிப் பணத்துக்கு என் ரிவ்யூ

ஹொரைசன் யூரோப், ஈஆர்சி, மேரி க்யூரின்னு ஐரோப்பிய யூனியன் குடுக்கற பெரிய ஆராய்ச்சிப் பணத்துக்கெல்லாம் ஆளாளுக்கு ரிவ்யூ எழுதிட்டாங்க, வீடியோவும் கொட்டிக் கிடக்கு. ஆனா ஐரோப்பாவுல ரெண்டு நாடு சேர்ந்து குடுக்கற கிராண்ட் இருக்கு பாருங்க, அதப்பத்தி தமிழ்ல யாரும் வாயே தெறக்கறதில்ல. போலந்துல ஒரு லேப்ல வேலை பாக்கற எனக்கு இத்தன வருஷமா சோறு போட்டதுல பாதி அந்தப் பணம்தான், அதனால எழுதறேன்.

தீர்ப்ப முதல்லயே சொல்லிடறேன், முழுசா படிக்கப் பொறுமை இல்லாதவங்க இதோட கெளம்பலாம். தொகை எவ்வளவுன்னு பாக்காதீங்க, அப்ளிகேஷன எத்தன எடத்துல எடை போடறாங்கன்னு பாருங்க. ஒரே எடத்துல மதிப்பீடுன்னா தைரியமா போடுங்க. ரெண்டு நாட்டுலயும் தனித்தனியா பாத்து ரெண்டு பேரும் தலையாட்டினாத்தான் காசுன்னா, அப்ளிகேஷன் நாலஞ்சு பக்கத்துல முடியற மாதிரி இருந்தா மட்டும் கை வைங்க. கணக்கு சிம்பிள். ஒரு பக்கம் அஞ்சுல ஒண்ணு எடுக்கறாங்க, இன்னொரு பக்கமும் அஞ்சுல ஒண்ணு எடுக்கறாங்க, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கேக்காம எடுத்தா உங்க சான்ஸ் இருபத்தஞ்சுல ஒண்ணு. நெஜத்துல நல்ல ப்ராஜெக்ட்னா ரெண்டு பக்கமும் புடிச்சிருக்கும், அவ்வளவு மோசமாப் போகாதுதான், இருந்தாலும் மாசக்கணக்குல உக்காந்து எழுதுற அளவுக்கு அது வொர்த் இல்ல.

சின்னதுல இருந்து வரேன். பிரான்ஸ்காரங்களோட பிஎச்சி, ஊபேர் க்யூரியன் பேர்ல ஓடுறது. மனுஷன் கிறிஸ்டலோகிராஃபர், அதாவது படிகங்கள ஆராயறவர், ரெண்டு தடவ ஆராய்ச்சி மந்திரியா இருந்தவரு, 2005ல காலமானார். கம்பூஸ் ஃபிரான்ஸ்ங்கற பிரான்ஸ் அரசு அமைப்புதான் நிர்வாகம். நாட்டுக்கு ஒரு பேரு வச்சிருக்காங்க, போலந்துக்கு பொலோனியம், ஜெர்மனிக்கு ப்ரோகோப், ஆஸ்திரியாவுக்கு அமடேயுஸ், ஹங்கேரிக்கு பலாட்டன், செக்குக்கு பராந்த், நார்வேக்கு அரோரா. பேரு வைக்கறதுக்குன்னே தனியா ஒரு ஆபீசர் இருப்பாரு போல. ஜெர்மனில இதே மாடல்ல டாட்ங்கற கல்விப் பரிமாற்ற அமைப்பு நடத்தறதுதான் பிபிபி, போலந்து பக்கம் ரெண்டையும் நாவாங்கற அந்த ஊர் பரிமாற்ற நிறுவனம் பாத்துக்குது.

இதுல கெடைக்கறது போக வர டிக்கெட், தங்கற செலவு, படி, அவ்வளவுதான். சம்பளம் கெடையாது, மெஷின் கெடையாது. பொதுவா ரெண்டு வருஷம். மதிப்பீடு ரெண்டு பக்கமும் தனித்தனி, நான் மேல திட்டின அதே முறைதான், ஆனா ஃபார்ம் சின்னது, பிஎச்டி பசங்கள அனுப்பறதுக்கு இத விட்டா சுலபமான வழி இல்ல. ஒரு பையன் மூணு வாரம் அந்த ஊர் லேப்ல போய் அவங்க மெஷின்ல சாம்பிள ஓட்டிட்டு வந்தான்னா அதுவே ஒரு பேப்பர்ல பாதி. கடுப்பு என்னன்னா பட்ஜெட் காலண்டர் வருஷக் கணக்கு. பிரான்ஸ் பக்கம் அந்தந்த வருஷப் பணம் டிசம்பர் 31க்குள்ள செலவாகணும், மிச்சம் அடுத்த வருஷத்துக்கு வராது. அதனால நவம்பர்ல பாத்தா எல்லா லேப்லயும் திடீர்னு எல்லாருக்கும் விஞ்ஞானப் பாசம் பொங்கி பிரயாணம் கெளம்பும்.

பில் கொடுக்கற கூத்து வேற. எந்த யுனிவர்சிட்டின்னு சொல்லல, அங்க அக்கவுண்ட்ஸ்ல ஒரு அம்மா, டிக்கெட் குடுத்தா போர்டிங் பாஸ் கேப்பாங்க, போர்டிங் பாஸ் குடுத்தா செமினார் அழைப்புக் கடிதம் கேப்பாங்க, அதையும் குடுத்தா இது ஃபோட்டோகாப்பியா ஒரிஜினலான்னு லைட்ல புடிச்சுப் பாப்பாங்க. முந்நூத்திச் சொச்சம் யூரோவுக்கு. பிஎச்சி, பிபிபி ரெண்டுக்கும் சேர்த்து என் மார்க் அஞ்சுக்கு மூணரை.

அடுத்தது வீவ். இதுதான் என் ஃபேவரைட், மறைக்கல. சயின்ஸ் யூரோப்ங்கற கூட்டமைப்போட குடைக்குக் கீழ ஐரோப்பாவோட ஆராய்ச்சி நிதி நிறுவனங்கள் பன்னெண்டு சேர்ந்து ஒப்பந்தம் போட்டு 2021 வாக்குல ஓட ஆரம்பிச்சது. ஜெர்மனியோட டிஎஃப்ஜி, ஆஸ்திரியாவோட எஃப்டபிள்யூஎஃப், ஸ்விஸ் எஸ்என்எஸ்எஃப், இந்த மூணு பேரும் அதுக்கும் முன்னாடியே டாக்னு தங்களுக்குள்ள செஞ்சுட்டு இருந்ததுதான், அத மத்தவங்களும் எடுத்துக்கிட்டாங்க. செக், போலந்து, ஸ்லொவேனியா, லக்சம்பர்க், பெல்ஜியம்னு ஆள் சேர்ந்தாச்சு. ரெண்டு நாடு, வேணும்னா மூணு நாடு வரைக்கும் போடலாம்.

வேலை செய்யற விதம் அழகு. ஒரு நாட்டு நிறுவனத்த லீட் ஏஜென்சியா, அதாவது மதிப்பிடற பொறுப்பு எடுக்கற நிறுவனமா வச்சுக்கறோம். முழு அப்ளிகேஷன் அங்க மட்டும். அவங்க தங்களோட வழக்கமான ரவுண்ட்ல, மத்த அப்ளிகேஷன்களோடவே சேர்த்து மதிப்பிடறாங்க. அவங்க சரின்னுட்டா மத்த நாட்டு ஏஜென்சி அந்த முடிவ ஏத்துக்குது, விஞ்ஞானத்த மறுபடி கிண்டறதில்ல. அவங்கவங்க ஆளுக்கு அவங்கவங்க நாட்டுப் பணம், அவங்க ஊர் ரூல்ஸ்படி. எல்லையத் தாண்டி ஒரு காசு போகாது, அதனால அக்கவுண்ட்ஸ் சண்டையும் எல்லையத் தாண்டாது. இந்த ஒரு விஷயத்துக்கே கோயில் கட்டலாம்.

குறை இல்லாம இல்ல. போலந்துல இருந்து போடறீங்கன்னா லீட் வியன்னாவுல இருந்தாலும் இங்க க்ராக்கூவ்ல இருக்கற என்சிஎன்ல, அதாவது அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்கற போலந்து நிறுவனத்துல, வீவ் யூனிசோனோன்னு ஒரு ஃபார்ம் தனியா போடணும், பேரு, பட்ஜெட், கையெழுத்து, எத்திக்ஸ், எல்லாம். அதுல ஏதாவது ஃபார்மல் தப்பு இருந்தா அங்க விஞ்ஞானம் பாஸ் ஆனாலும் இங்க மாட்டிக்கும். ஒரே ஆளு எத்தன கிராண்ட் வச்சிருக்கலாங்கறதுல இருந்து பிஎச்டி ஸ்டூடண்டுக்கு எவ்வளவு குடுக்கலாங்கறது வரைக்கும் நாட்டுக்கு நாடு வேற. அப்புறம் லீட் ஏஜென்சியோட போட்டி எவ்வளவு கடுமையோ அவ்வளவு கடுமைதான் உங்களுக்கும், வெளிநாட்டு பார்ட்னர் இருக்கறதுக்காக போனஸ் மார்க் எல்லாம் கெடையாது. இது எனக்குப் புடிச்சுத்தான் இருக்கு, நல்லா இருந்தா எடுப்பாங்க, இல்லன்னா இல்ல. நாலரை.

இப்ப பெரிய ஆள், நார்வே கிராண்ட். நார்வே, ஐஸ்லாந்து, லீச்டென்ஸ்டைன் மூணும் ஐரோப்பிய யூனியன்ல இல்ல, ஆனா ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி ஒப்பந்தம் வழியா அந்தச் சந்தைல இருக்காங்க, அதுக்குப் பதிலா யூனியன்ல வசதி கொறைஞ்ச நாடுகளுக்கு பணம் குடுக்கறாங்க. ரெண்டு பை, ஒண்ணு மூணு நாடும் சேர்ந்து போடறது, இன்னொண்ணு நார்வே தனியா போடறது. 2014-2021 ரவுண்ட்ல 15 நாட்டுக்கு மொத்தம் 2.8 பில்லியன் யூரோ, அதுல நார்வே மட்டுமே 97 சதவீதம் பக்கம். அதிகமா வாங்கினது போலந்து, 800 மில்லியனுக்கு மேல. ஆராய்ச்சி இதுல ஒரு துண்டுதான், ஜெயில் சீர்திருத்தம், கோட்டை ரிப்பேர், என்ஜிஓன்னு எல்லாத்துக்கும் இதே பை.

ரவுண்டோட பேரு 2014-2021. அடிப்படை ஆராய்ச்சிக்கு என்சிஎன் விட்ட கிரீக்ங்கற கால், அதாவது அப்ளிகேஷன் அழைப்பு, வந்தது 2019ல. நாடுகளுக்குள்ள ஒப்பந்தம், அப்புறம் ஒவ்வொரு நாட்டோட தனி ஒப்பந்தம், அப்புறம் ஆபரேட்டர, அதாவது பணத்த நிர்வகிக்கற நிறுவனத்த நியமிச்சு ப்ரோக்ராம் ஒப்பந்தம், எல்லாம் முடிஞ்சு விஞ்ஞானி கைக்கு வர்றதுக்குள்ள பாதி ரவுண்ட் ஓடிடுது. செலவுக்குக் கடைசி நாள் 2024 ஏப்ரல் 30னு இருந்துச்சு, சில ப்ராஜெக்ட்டுக்கு இன்னொரு வருஷம் நீட்டினாங்க, கோவிட் நடுவுல வந்து போச்சே.

ஆனா காசு காசுதான் பாஸ். கிரீக்ல ஒரு ப்ராஜெக்ட்டுக்கு அஞ்சு லட்சம் யூரோல இருந்து பதினஞ்சு லட்சம் வரைக்கும் குடுத்தாங்க. மதிப்பீடு ஒரே எடத்துல, நார்வேல தனியா இன்னொரு பரீட்சை இல்ல, என் விதிப்படி பாஸ். வித்தியாசம் என்னன்னா முழுப் பணமும் போலந்து பக்கத்து யுனிவர்சிட்டிக்கு வந்து, அங்க இருந்து நார்வே பார்ட்னருக்கு பங்கு போகுது. வீவ்ல இல்லாத தலைவலி இங்கதான். பட்ஜெட் யூரோல, நாம செலவழிக்கறது ஸ்வோட்டில, அவங்க செலவழிக்கறது க்ரோனேல, ரிப்போர்ட் நேரத்துல எந்த நாள் ரேட்டுன்னு கேட்டு ரெண்டு ஆபீசும் மெயில்ல குடுமி புடிக்கும். நல்லவேளையா பில் ஒவ்வொண்ணா போலந்துக்கு அனுப்பத் தேவையில்ல, நார்வே பக்கம் ஒரு ஆடிட்டர் ரிப்போர்ட் குடுத்தாலே ஆதாரமா ஏத்துக்கணும்னு ரெகுலேஷன்லயே இருக்கு. இத உங்க ஆபீஸ்ல மொத நாளே காட்டிடுங்க, இல்லன்னா ட்ரோண்ட்ஹெய்ம்ல வாங்கின பைப்பெட் டிப்புக்கு இன்வாய்ஸ் கேப்பாங்க.

மெஷின் விஷயம் கொஞ்சம் பொறுமையா படிங்க, இங்கதான் நெறைய லேப் அடி வாங்குது. கருவி வாங்கினா முழு வெலையும் கெடைக்காது, ப்ராஜெக்ட் ஓடற காலத்துக்கான தேய்மானம் மட்டும்தான். உதாரணத்துக்கு 60,000 யூரோ மெஷின், அஞ்சு வருஷத் தேய்மானம், அதாவது மாசம் ஆயிரம். 36 மாச ப்ராஜெக்ட்ல மூணாவது மாசக் கடைசில வந்து எறங்கினா மீதி 33 மாசம், 33,000 கெடைக்கும். டெண்டர், ஆட்சேபணை, மறு டெண்டர்னு இழுத்து ஒரு வருஷம் கழிச்சு வந்தா 24,000தான், மீதி 36,000 டிபார்ட்மென்ட் தலைல. மெஷின் அதே மெஷின், லேட்டா வந்த ஒரே பாவத்துக்கு. ப்ராஜெக்ட்டுக்கு இது பிரிக்க முடியாத பாகம்னு ஆபரேட்டர் ஒத்துக்கிட்டா முழு வெலையும் வாங்கலாம், அத பட்ஜெட் போடும்போதே கேட்டு எழுத்துல வாங்கிடுங்க, மெஷின் வந்தப்புறம் கேட்டா வேலைக்காகாது. இன்டைரக்ட் காஸ்ட், அதாவது கரண்டு, கட்டடம், நிர்வாகம் மாதிரி பொதுச் செலவு, 25 சதவீதம் வரைக்கும் ஃப்ளாட் ரேட்டா எடுத்துக்க வழி இருக்கு, அதுக்கு பில் காட்ட வேண்டியதில்ல, யுனிவர்சிட்டி நிர்வாகம் இந்த கிராண்ட் மேல காதலா இருக்கறதுக்குக் காரணமே அதுதான்.

விசா பத்தி ஒரு வார்த்தை, நம்ம பாஸ்போர்ட் காரங்களுக்கு. போலந்துல ரிசர்ச்சர் பர்மிட் இருந்தா பெரும்பாலான யூனியன் நாட்டுக்கு 2016/801ங்கற யூனியன் சட்டத்தின்படி 360 நாள்ல 180 நாள் வரைக்கும் ஆராய்ச்சிக்குப் போகலாம். நார்வே அதுல இல்ல, அங்க ஷெங்கன் கணக்கு, 180 நாள்ல 90 நாள்தான். ஆறு மாச விசிட்னு ப்ரோபோசல்ல எழுதறதுக்கு முன்னாடி இத யோசிங்க, சாதாரணமா எழுதிடுவாங்க, மாட்டறது நாமதான்.

ரெண்டு நாடு சம்பந்தப்பட்டதுல அரசியல் வராம இருக்காது. நார்வே கிராண்ட்டோட அதே 2014-2021 ரவுண்ட்ல ஹங்கேரிக்கு 214.6 மில்லியன் யூரோ ஒதுக்கி இருந்தாங்க. என்ஜிஓ பணத்த யார் நிர்வகிக்கறதுங்கறதுல அரசாங்கத்துக்கு எட்டாத ஆள் வேணும்னு குடுக்கறவங்க சொல்ல, ஹங்கேரி அரசாங்கம் ஒத்துக்கல, 2021 ஜூலைல மொத்தப் பணமும் போச்சு. ஆராய்ச்சிக்கு வரவேண்டியதும் அதோட சேர்ந்து. புடாபெஸ்ட் லேப்காரன் என்ன பாவம் பண்ணான்? இன்னொரு பக்கம் பாத்தா, 2021ல ஸ்விஸ்காரங்க யூனியனோட பேச்சுவார்த்தைய முறிச்சுக்கிட்டு ஹொரைசன்ல வெளிய நின்னப்ப அவங்களோட சேர்ந்து வேலை செய்ய இந்த வீவ் மாதிரி வழி தெறந்தேதான் இருந்துச்சு, யூனியனோட சண்டை இதுல ஒட்டல.

நார்வே கிராண்ட்டுக்கு பணத்துல அஞ்சு, காகிதத்துல ரெண்டு, மொத்தத்துல மூணரை. தனி ஆளா இருக்கற போஸ்ட்டாக்குக்கு, அதாவது பிஎச்டி முடிச்சு தற்காலிக வேலைல இருக்கறவருக்கு, சொல்ல மாட்டேன், பின்னாடி ஒரு ப்ராஜெக்ட் ஆபீஸ் இருந்தா மட்டும்.

2021-2028னு புது ரவுண்டுக்கு 3.268 பில்லியன் யூரோன்னு 2024ல கையெழுத்தாச்சு. வருஷப் பேரப் பாத்து லேட்டாயிடுச்சேன்னு ஓடாதீங்க, போன ரவுண்ட் கதைதான் மேல சொன்னேனே. நார்வே பக்கம் ஆள் தெரியலன்னா ஒவ்வொரு நாட்டுக்கும் பைலேட்டரல் ஃபண்டுனு தனியா ஒரு ஒதுக்கீடு வைக்கறாங்க, போன ரவுண்ட்ல நாட்டுக்கு வர்ற பணத்துல கொறஞ்சது ரெண்டு சதவீதம் அதுக்குப் போகணும்னு விதி, பார்ட்னர் தேடிப் போற டிக்கெட்டுக்கு அதுல கேக்கலாம். பெரிய கால் வந்தப்புறம் கேட்டா பெர்கன்ல இருக்கற எல்லா ப்ரொஃபசருக்கும் ஏற்கனவே நாலு பேர் மெயில் போட்டிருப்பாங்க.