உறைந்த சிவப்பரிசி இடியப்பம்: மனநோயோடு வாழும் அம்மா உள்ள வீட்டுக்கு வாங்கலாமா?

கனடாவின் ஸ்காபரோ, மார்க்கம் பக்கத் தமிழ்க் கடைகளின் உறைபெட்டியில் கிடக்கும் சிவப்பரிசி இடியப்பப் பொதி, ருசியில் வீட்டில் பிழிந்ததற்கு ஒரு படி கீழேதான். இருந்தும் ஸ்கிசோஃப்ரீனியாவோ இருதுருவ நோயோ உள்ள அம்மா இருக்கிற வீட்டுக்குக் கடையில் முதலில் எடுக்கவேண்டியது இந்தப் பொதியைத்தான்.

மாவை வறுத்து அரித்து, கொதிதண்ணீர் விட்டுக் குழைத்து, உரலில் பிழிந்து அவிப்பது வரிசை தப்பாமல் செய்யவேண்டிய வேலை. அந்த வரிசையை மனதில் பிடித்து வைப்பதுதான் இந்த நோய்களில் பலருக்குக் கஷ்டமாகிவிடுகிறது. வீட்டார் அதைச் சோம்பல் என்று நினைத்துவிடுகிறார்கள். மனநிலையைச் சீராக்கும் மருந்துகளான லித்தியம், வல்ப்ரோயேட் எடுப்பவர்களுக்குக் கை நடுங்கலாம். ஹலோபெரிடோல் போன்ற மனநோய் மருந்துகளால் தசை இறுகலாம். அந்தக் கையால் உரலை அழுத்தமுடியாது. பொதி அந்தப் பாரத்தை எடுத்துவிட்டு, அதோடு சாப்பிடும் தேங்காய்ப்பால் சொதியை அம்மாவின் கையிலேயே விட்டுவிடுகிறது. ஆகவே இடியப்பமும் சொதியும் சேர்த்து அடைத்த பெட்டி வேண்டாம். உறைந்து உருகிய தேங்காய்ப்பால் திரிந்து நிற்கும். அம்மா செய்வதற்கும் ஒன்றும் மிஞ்சாது.

வாங்கும்போது பொதியைத் தடவிப் பாருங்கள். உள்ளே பனி கட்டியாகத் திரண்டோ, இடியப்பங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகவோ இருந்தால் அது இடையில் உருகி மறுபடி உறைந்தது. அவித்தால் நூல் நூலாக வராது, உதிரும். சேர்மானத்தில் அரிசிமா, தண்ணீர், உப்பு என்று மட்டும் இருப்பதே நல்லது. லித்தியம் எடுக்கும் வீட்டில் சோடியம் வரியையும் வாசியுங்கள். உப்பைத் திடீரென்று குறைத்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறும், திடீரென்று கூட்டினால் இறங்கும். ஊறுகாயும் கருவாடும் ஒரு கிழமை குவிந்து அடுத்த கிழமை காணாமல் போகிற வீட்டில் இது உண்மையான ஆபத்து.

குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரவு முழுக்க உருகவிடுவதுதான் பலர் செய்கிற பிழை. 4 பாகை செல்சியஸ் அளவுக் குளிரில்தான் வெந்த மாச்சத்து மிக வேகமாக இறுகும். விளிம்பு காய்ந்து வெடிக்கும். உறைந்தபடியே எடுத்துத் தண்ணீர் தெளித்து, கொதி வந்த நீராவியில் 6, 7 நிமிடம் வையுங்கள். மைக்ரோவேவ் என்றால் ஈரத்துணியால் மூடி, நாலைந்து இடியப்பத்துக்கு ஒன்றரை நிமிடம். அடுப்பை மறந்துவிடும் அம்மாவுக்கு இரண்டாவது வழிதான் பாதுகாப்பு.

இரண்டு பேருக்கான சொதிக்கு 400 மில்லிலீற்றர் தேங்காய்ப்பால் தகரத்தில் பாதியை 300 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைத்து, சின்ன வெங்காயம் ஆறேழு, பச்சைமிளகாய் இரண்டு, அரைத் தேக்கரண்டி வெந்தயம், கால் தேக்கரண்டி மஞ்சள், கறிவேப்பிலை, உப்புப் போட்டு வெங்காயம் வேகும்வரை விடுங்கள். மிச்சப் பாலை விட்டு, நுரை கட்டும்போதே இறக்கவேண்டும். தேசிக்காய்ப்புளி அடுப்பை அணைத்த பிறகுதான். கொதிக்கும்போது விட்டால் திரியும். அம்மாவுக்கு முழுவதும் முடியாத நாளில் வெங்காயம் உரிப்பதையும் புளி விட்டு ருசி பார்ப்பதையுமாவது அவரிடம் கொடுங்கள். புளி காணுமா என்று சொல்லவேண்டியவர் அவர்தான்.

ஒலான்சபின், குளோசபின் ஆகிய மனநோய் மருந்துகள் பசியைத் தூண்டும், எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். சோற்றைவிட இடியப்பத்தை எண்ணி வைப்பது சுலபம். ஆனால் சிவப்பரிசி என்ற நம்பிக்கையில் நார்ச்சத்தை எதிர்பார்க்காதீர்கள், தீட்டிய மாவில் அது குறைவு. குளோசபின் கடும் மலச்சிக்கலைக் கொடுக்கக்கூடியது. முருங்கையிலை வறையோ பயற்றங்காய்க் கறியோ பக்கத்தில் இருக்கட்டும், வயிறு வீங்கி வலித்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். லுராசிடோன் என்ற மருந்துக்குக் கணக்கு வேறு: குறைந்தது 350 கலோரி உணவோடு எடுக்காவிட்டால் உடலில் சேருவது ஏறக்குறைய பாதியாகிவிடும். இரண்டு இடியப்பமும் தண்ணிச் சொதியும் அதற்குக் காணாது. பொதியில் உள்ள கலோரியைப் பார்த்து, முட்டையோ பருப்போ சேருங்கள்.

சாப்பாட்டில் நஞ்சு கலந்திருக்கிறது என்று அம்மா பயப்படும் நாட்களில் மூடிய பொதி பெரிய உதவி. அவர் கண்முன்னால் வெட்டித் திறந்து, ஒரே சட்டியிலிருந்து நீங்களும் சாப்பிடுங்கள். சொதிக்குள் மாத்திரையை ஒளிக்கவேகூடாது. ஒருமுறை தெரிந்துவிட்டால் அந்தச் சந்தேகத்துக்கு நீங்களே சாட்சி கொடுத்ததாகும். பிறகு உங்கள் கையால் தண்ணீரும் வாங்கமாட்டார். தண்ணீரையும் மறுக்கத் தொடங்கினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

பொதியின் பெரிய குறை, அது சேர்த்துவைக்கத் தூண்டுவது. இலங்கையின் வடக்கில் 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய்க்கும் மாவுக்கும் அலைந்த தலைமுறை இது. உறைபெட்டி நிறைய இடியப்பம் வாங்கி அடுக்குவதை உடனே நோயின் குறி என்று எழுதிவிடாதீர்கள். நித்திரை இல்லாமல், கைக்காசு முழுவதையும் கரைத்து வாங்குகிறார் என்றால் மருத்துவரிடம் சொல்லவேண்டும். மற்றபடி ஒரு தட்டை அவருக்கென்று ஒதுக்கி, பழைய பொதியை முன்னுக்கு வைத்து, திகதி முடிந்ததை அவரோடு சேர்ந்தே எறியுங்கள். அவர் தூங்கும்போது எறிந்தால் அடுத்த முறை இரண்டு மடங்கு வாங்குவார்.