உணர்ச்சி அட்டைகள்: 18 வெள்ளிக்கு வாங்கலாமா?
மகன் தொடக்கநிலை ஒன்று. கோபம் வந்தால் பையைத் தூக்கி எறிவான், ஏன் என்று கேட்டால் வாயே திறக்கமாட்டான். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரு கடையில் இதை வாங்கினேன், 24 அட்டை, ஒவ்வொன்றிலும் ஓர் உணர்ச்சியின் பெயரும் முகமும், விலை அதிகம்தான். சாப்பாட்டுக்கு அப்புறம் ஆளுக்கு ஒன்று எடுத்து, இன்று எப்போது அப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் எதை எடுத்தாலும் 'தெரியாது' என்பான், நான் எம்ஆர்டி ரயிலில் ஒருவர்மேல் எரிச்சல்பட்ட கதையைச் சொன்ன பிறகுதான் கேண்டீனில் தனியாக உட்கார்ந்ததை அவனும் மெதுவாகச் சொன்னான்.

தமிழ்தான் கொஞ்சம் உதைக்கிறது. 'ஏமாற்றம்' அட்டையைப் பார்த்து, "யாரம்மா ஏமாத்தினது?" என்கிறான். பள்ளியில் நன்னடத்தைப் பாடம் தாய்மொழியில்தான் நடக்கிறது, அதற்கேற்ற எளிய சொற்களைப் போட்டிருக்கலாம். பொறாமைக்கும் ஏக்கத்துக்கும் ஒரே முகம் வேறு! பெட்டி இரண்டே வாரத்தில் கிழிந்துவிட்டது, அட்டைகள் இப்போது பிஸ்கட் டப்பாவில்.