299 ரூபாய் பஃபே, முன்பணம் போடுங்கள் என்றால் போடாதீர்கள்! எனக்கு 2,392 ரூபாய் போச்சு

வயிற்றெரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன். 2,392 ரூபாய். சாப்பிட்ட பில்லுக்குக் கொடுத்த காசு தனி, இது தனி. கடைப் பெயரைப் போடப்போவதில்லை. தாம்பரம் பக்கம் மாடியில் இருக்கும் ஒரு மலிவு விலை சைவ பஃபே ஹோட்டல், அவ்வளவுதான். இந்த மாதிரி இடத்துக்குப் போகுமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

மாமியாருக்கு எழுபது பிறந்தது. மதுரையிலிருந்து நாத்தனார் குடும்பமும் வந்திருந்ததால் மொத்தம் 8 பேர். 'அன்லிமிடெட் சைவ பஃபே 299, நாற்பது வகை, லைவ் தோசை கவுண்டர்' என்ற விளம்பரத்தைப் பார்த்துப் போன் செய்தேன். எடுத்தது மேனேஜர். "ஞாயித்துக்கிழமைதானேம்மா, தாராளமா வாங்க. வயசானவங்க வர்றாங்களா? லிஃப்ட் இருக்கு, பக்கத்துலயே டேபிள் போட்டுத் தர்றேன். கூட்டம் இருக்கும், அட்வான்ஸ் மட்டும் போட்டுடுங்க" என்றார். நான் கேட்காமலே பெரியவங்களைப் பற்றி விசாரித்தாரே, அதில்தான் மனசு இளகியது. ஜிபேயில் கடைப் பெயருக்குப் பதில் ஏதோ ஒரு ஆள் பெயர் வந்தது. கேட்டேன். "அது ஓனர் பேருதாம்மா." சரி என்று 8 பேருக்கும் சேர்த்து 2,392 அனுப்பினேன்.

போனால் லிஃப்ட்டில் 'பழுது' என்று ஒரு அட்டை. அந்த அட்டையே பழுத்து மஞ்சளாகியிருந்தது. மாமியார் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இரண்டு மாடி ஏறினார். மணி ஒன்றுதான் இருக்கும், அதற்குள் பன்னீர் பட்டர் மசாலாவில் பன்னீரைக் காணோம். கரண்டியை விட்டு அடிவரை துழாவினாலும் எண்ணெய்தான் வந்தது. தோசைக்கல் ஜில்லென்று கிடக்க, அதன் மேல் டிஷ்யூ பேப்பர் பெட்டி. "மாஸ்டர் சாப்பிடப் போயிருக்காரு" என்றான் பையன். குலாப் ஜாமூனை ஒருவர் இடுக்கியோடு நின்று தலைக்கு ஒன்று என்று எண்ணி வைக்கிறார், இதுதான் அன்லிமிடெட்டாம். ரெண்டு ஊறுகாய், வெங்காயம், எலுமிச்சைத் துண்டு, சோம்பு எல்லாவற்றையும் கூட்டினால் நாற்பது வகை வரலாம். ரசம் மட்டும் நன்றாக இருந்தது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பில் வந்தது. ஞாயிறு ரேட் 399-ஆம். அதற்கு மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதையும் கூட்டி 5 சதவீதம் ஜிஎஸ்டி. மொத்தம் 3,687 ரூபாய். அட்வான்ஸைக் கழிக்கச் சொன்னால், "அது வீக்டே ஆஃபர்ல ஏறியிருக்கு, சிஸ்டம் எடுக்கலம்மா. இப்ப முழுசா கட்டிடுங்க, நாளைக்கு மதியத்துக்குள்ள உங்க 2,392 ஜிபேல வந்துடும்" என்கிறார் அதே தேன் குரலில். பில்லின் பின்பக்கம் பேனாவால் '2392 ரிட்டன்' என்றும் எழுதிக் கொடுத்தார். கையெழுத்தும் இல்லை, முத்திரையும் இல்லை. பிறந்தநாள் அன்று மாமியார் முன்னால் கல்லாவில் நின்று சண்டை போட முடியுமா? கட்டினேன்.

திங்கட்கிழமை வரவில்லை. போன் செய்தால் "அக்கவுண்ட்ஸ் ஆள் லீவு". அப்புறம் "ஓனர் திருப்பதி போயிருக்காரு". அப்புறம் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். நேரில் போய் நின்றால், கல்லாவில் புதிதாக ஒருவர், "அந்த மேனேஜர் இப்ப இங்க இல்லீங்க. அந்த ஜிபே நம்பர் எங்களுது இல்ல, நீங்க யாருக்குப் போட்டீங்களோ அவரையே கேளுங்க" என்கிறார்! என் 2,392 ரூபாய்க்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லையாம். அந்த டேபிளில் எங்களை உட்கார வைத்தது யார், பேயா?

சரி, சொன்னபடி விவரமாக எழுதலாம் என்றால் கோபத்தில் கை ஓடவில்லை. பஃபேக்கு முழுப்பணத்தையும் முன்கூட்டிப் போடாதீர்கள். ஜிபேயில் தனி ஆள் பெயர் வந்தால் அனுப்பவே வேண்டாம். ஞாயிறு ரேட் என்ன, வரி சேர்த்தா சேர்க்காமலா என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். சர்வீஸ் சார்ஜைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள். "கம்ப்யூட்டர்ல தானா வருது" என்பார்கள், விடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில், ஜிபே ஸ்கிரீன்ஷாட், அந்தப் பேனாக் கிறுக்கல் எல்லாவற்றையும் வைத்துப் புகார் கொடுத்துவிட்டேன். 2,392 ரூபாய் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.