கொமோடோ கப்பல் பயணத்தில் போன 68,000 ரூபாய்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. கோபம் ஆறிவிட்டால் பூசி மெழுகி எழுதிவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். இந்தோனேசியாவின் கொமோடோ தீவுகளைச் சின்னக் கப்பலில் சுற்றிப் பார்க்க நானும் மனைவியும் கட்டிய 68,000 ரூபாய் அம்போ. ஏமாற்றியவன் அந்த ஊர்க்காரன் இல்லை, நம்ம ஆள். தமிழில் பயண வீடியோ போட்டு, கூடவே பேக்கேஜும் விற்கிற பக்கம் ஒன்று. பெயர் சொல்லப் போவதில்லை. அந்த மாதிரிப் பக்கங்கள் இப்போது தெருவுக்கு நாலு இருக்கின்றன.

ஃப்ளோரஸ் தீவின் மேற்கு முனையில் இருக்கும் லபுவான் பாஜோதான் துறைமுக ஊர். அங்கிருந்து பினிசி என்கிற மரக் கப்பல்களில் பாடார், ரிஞ்சா, கொமோடோ என்று தீவு தீவாகப் போய், இரவு கப்பலிலேயே தூங்குவார்கள். கொமோடோ டிராகன் என்கிற ராட்சத உடும்புகள் இருக்கும் தேசியப் பூங்கா அது. 1991 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

அவன் காட்டிய கப்பலுக்கு இரண்டு பாய்மரம். வீடியோ காலில் டெக்கில் நடந்துகொண்டே காட்டினான். கேபின் ஜன்னலைத் திறந்து காட்டினான். பாத்ரூம் குழாயைத் திருகி, தண்ணீர் வருவதைக்கூடக் காட்டினான். கடைசியில், "அண்ணிக்குக் கடல் ஒத்துக்குமாண்ணே? வாந்தி வர்ற மாதிரி இருந்தா சொல்லுங்க, கீழ் கேபினா போட்டுத் தர்றேன், ஆட்டம் கம்மியா இருக்கும்" என்றான். இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறவனைச் சந்தேகப்படத் தோன்றுமா? அன்று சாயங்காலமே 60,000 ரூபாய் அனுப்பினேன். அந்தக் கப்பல் நிஜம், அதில் அவன் நின்றதும் நிஜம். எங்களுக்கு அதில் இடம் போட்டான் என்பதுதான் பொய்.

கிளம்பும் முன் இன்னொரு 8,000 கேட்டான். பூங்காக் கட்டணத்தை 37.5 லட்சம் ரூபியாவாக (இந்தோனேசியப் பணம்) ஏற்றிவிட்டார்களாம், மிச்சத்தை அவன் போட்டுக்கொள்கிறானாம். ஆதாரமாக ஒரு செய்தியின் படமும் அனுப்பினான். அது 2022 செய்தி. அப்படி ஒரு அறிவிப்பு வந்ததும், அங்கே சுற்றுலாத் தொழிலில் இருப்பவர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், அந்த வருடம் முடிவதற்குள் அரசு அதைக் கைவிட்டதும் எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. ஆக மொத்தம் 68,000.

காலையில் படகுத்துறையில் எங்கள் பெயரைப் பிடித்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒரு பையன் வந்து வேறொரு படகுக்குக் கூட்டிப்போனான். பாய்மரமும் இல்லை, கேபினும் இல்லை. மேல்தளத்தில் வரிசையாக மெத்தை, நடுவில் ஒரு துணித் திரை, டீசல் புகை. எல்லோருக்கும் சேர்த்து ஒரே கழிப்பறை. லைஃப் ஜாக்கெட்டை எண்ணிப் பார்த்தேன், ஆளுக்கு ஒன்று வராது. என் கைக்கு வந்ததில் கொக்கி உடைந்து, நைலான் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தது.

போன் போட்டேன். "அந்தக் கப்பல் ரிப்பேர்ணே. இதுவும் அதே கம்பெனிதான். முதல்ல ஏறுங்க, மிச்சப் பணத்தை நான் வாங்கித் தர்றேன்." படகு நகர்ந்து கொஞ்ச நேரத்தில் சிக்னல் போய்விடும் என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

பாடார் குன்றை விடியற்காலையில் ஏற வேண்டும், மேலே நிழலே கிடையாது. எங்களை உச்சி வெயிலில் இறக்கிவிட்டார்கள். மாண்டா என்கிற பெரிய திருக்கைகள் வரும் இடத்தில், நீரோட்டம் பலமாக இருக்கிறது, இறங்க முடியாது என்றார்கள். அந்தத் தீவுகளுக்கு நடுவே நீரோட்டம் கடுமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கூப்பிடு தூரத்தில் வேறு இரண்டு படகுகள் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. எங்கள் படகில் இருந்த நீச்சல் கண்ணாடிகளுக்குத்தான் ரப்பர் வார் இல்லை.

எல்லாம் அடங்கிய விலை என்றானே, கொமோடோ தீவில் இறங்கியதும் எங்களுக்குக் கட்டணமே கட்டவில்லை என்று தெரிந்தது. மறுபடி கையிலிருந்து கொடுத்தோம். கூட வருவதாகச் சொன்ன இயற்கை வழிகாட்டி யார் என்று பார்த்தால், படகின் சமையல்காரர். பாவம், அவருக்கே அது புதுச் செய்தி. கவட்டைக் கோலோடு வந்த பூங்காக் காவலர்தான் அன்று வாங்கிய காசுக்கு வேலை செய்த ஒரே ஆள். உடும்பின் எச்சிலில் உள்ள கிருமிதான் இரையைக் கொல்கிறது என்பது பழைய கதை, அதற்கு விஷச் சுரப்பி இருப்பதை 2009-ல் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நிதானமாகச் சொன்னார். சாயங்காலம் காலோங் தீவிலிருந்து பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் கிளம்பின. அதைப் பார்க்கக் காசு இல்லை, அதனால் நம்மவனால் அதில் கை வைக்க முடியவில்லை.

கரைக்குத் திரும்பியதும் படகுக்காரர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். எங்கள் பெயருக்கு நேராக மேல்தள மெத்தை இரண்டு, 50 லட்சம் ரூபியா. நம் காசுக்குச் சுமார் 26,000. நான் கொடுத்தது 68,000!

அதற்கப்புறம் அவன் சொன்னவை: ஏழு வேலை நாளில் வரும். கணக்குப் பார்க்கிற பொண்ணு லீவு. நான் வெறும் மீடியேட்டர்ணே, படகுக்காரரைக் கேளுங்க. கடைசியாக வந்தது, "அதான் டிராகன் பார்த்துட்டீங்கல்ல?" அத்தோடு என் நம்பரைத் தடுத்துவிட்டான். அவன் வீடியோவுக்குக் கீழே நான் எழுதியதையும் அழித்தாயிற்று. வங்கியில் கேட்டால், நீங்களே பின் போட்டு அனுப்பியது சார், நாங்கள் என்ன செய்வது என்கிறார்கள்.

என்ன செய்யலாம், செய்யக்கூடாது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. சுருக்கமாக: தனி ஆள் பெயரில் இருக்கும் யுபிஐ நம்பருக்கு முழுப் பணத்தை அனுப்பாதீர்கள். படகின் பெயர், கேபின் எண், படகு மாறினால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள், படகுக்காரரிடமே நேராகக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பூங்காக் கட்டணம் அடக்கமா என்று தனியாகக் கேளுங்கள். பணம் போனது தெரிந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், பேச்சு முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

நான் 1930-ல் புகார் கொடுத்து எண் வாங்கிவிட்டேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்திருக்கிறேன். 68,000 ரூபாயைச் சும்மா விடுவதாக இல்லை. தெரிந்த வக்கீல் ஒருவர் திங்கட்கிழமை ரசீதுகளோடு வரச் சொல்லியிருக்கிறார்.