தோப்பு லோடருக்கு எந்த பேட்டரி: ஈயமா, லித்தியமா?

ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்பு எங்களுடையது. வாய்க்கால் மேலுள்ள குறுகிய பாலத்தில் டிராக்டர் ஏறாது என்பதால் எருவும் மட்டையும் தலைச்சுமையாகவே போய்வந்தன. ஒன்றரை ஆண்டுக்கு முன், மின்சார ரிக்ஷாவின் அச்சு, 1000 வாட் மோட்டார், பக்கெட்டைத் தூக்க ஒரு சிறிய ஹைட்ராலிக் பம்ப் ஆகியவற்றை வாங்கி, தெரிந்த வெல்டிங் பட்டறையில் ஒரு லோடர், அதாவது முன்பக்க பக்கெட்டில் அள்ளிச் சுமக்கும் வண்டி, கட்டினோம். மோட்டாரை ஒரே நாளில் முடிவு செய்துவிட்டோம். ஈய-அமில பேட்டரியா, லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியா என்பதற்குத்தான் ஒரு மாதம் ஆனது.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டின் பெருமைகள் ஊரறிந்தவை. சீக்கிரம் சார்ஜ் ஏறும், பல ஆண்டுகள் உழைக்கும். 48 வோல்ட், கொள்ளளவு 100 ஆம்பியர்-மணி என்று இரண்டிலும் எழுதியிருந்தாலும், ஈயத்தில் பாதியைத்தான் அடிக்கடி எடுக்கலாம்; லித்தியத்தில் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்கலாம். விலையில் ஈயம் மலிவு. ஆயுள் முடிந்தாலும் பழைய பேட்டரியை எடைக்கு வாங்கிக்கொள்ள எந்த ஊரிலும் ஆள் இருக்கிறார்.

ஆனால் நான் ஈயத்தின் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் அதன் கனம். சைக்கிளுக்கும் காருக்கும் கனம் சுமை. லோடருக்கு அதுதான் காப்பு. முன் அச்சை நெம்புகோலின் தாங்குபுள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கெட்டில் 150 கிலோ ஈரமண், அச்சுக்கு 80 செ.மீ. முன்னால்: பெருக்கினால் 12,000. நான்கு ஈய பேட்டரிகள் சேர்ந்து ஏறக்குறைய 110 கிலோ, அச்சுக்கு 110 செ.மீ. பின்னால்: 12,100. மண்ணின் பளுவுக்கு பேட்டரியே ஈடு கொடுத்துவிடுகிறது. சட்டமும் ஓட்டுபவரும் தரும் எடை, சரிவுக்கும் திடீர் பிரேக்குக்கும் கையிருப்பாக நிற்கிறது. லித்தியம் 45 கிலோதான். 4,950-க்கு மேல் வராது. மீதிக்கு 65 கிலோ இரும்பை நாமே பின்னால் கட்ட வேண்டும்.

இரவல் வாங்கிய லித்தியத்தை மாட்டி இரண்டு நாள் ஓட்டியபோது இது உறைத்தது. வண்டல் நிறைந்த பக்கெட்டுடன் பாலத்துச் சரிவில் இறங்கிப் பிரேக் பிடித்தேன். பின் சக்கரங்கள் ஒரு சாண் எழும்பின. வண்டியைத் திருப்புவது அவைதான் என்பதால் ஸ்டீயரிங் கையில் வெறுமனே சுழன்றது. பக்கெட் தாழ்வாக இருந்ததால் அதன் விளிம்பு தரையில் ஊன்றி வண்டியை நிறுத்தியது. உயரத் தூக்கியபடி வந்திருந்தால் கவிழ்ந்திருப்பேன். இரண்டே நாள் பழக்கம் என்பதால், லித்தியத்தின் உழைப்பைப் பற்றி என் அனுபவமாக எதுவும் சொல்ல முடியாது.

ஈயத்துக்குப் பராமரிப்பு வேண்டும், மறைக்கவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மூடிகளைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறேன்; கிணற்று நீர் கூடவே கூடாது. வேலை முடிந்த அன்றே சார்ஜில் போடாவிட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவருவதால் காற்றோட்டமான கொட்டகையில்தான் போடுகிறேன்.

லோடராக அல்லாமல், இழுவைப் பெட்டி மாட்டி நீண்ட தடத்தில் சுமை இழுக்க மட்டும் என்றால் லித்தியமே வாங்குங்கள். பக்கெட்டும் வேண்டும், லித்தியமும் வேண்டும் என்பவர்கள், சட்டத்தை வெல்டிங் செய்யும்போதே பின்பக்கம் ஓர் இரும்புப் பெட்டிக்கு இடம் விடுங்கள். பிறகு ஒட்டவைத்தால் பின் அச்சைத் தாண்டித் துருத்திக்கொண்டு, மரங்களுக்கிடையே திரும்பும்போதெல்லாம் இடிக்கும்.