ஊடகக் கண்காணிப்பு வழிகாட்டி எழுதித் தரும் ஆலோசனைச் சேவை: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

ஒரு நாட்டின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்குக் கண்காணிப்பு வழிகாட்டி தேவைப்பட்டால், பெரும்பாலும் வெளியிலிருந்து ஆலோசகர் குழு ஒன்றை அமர்த்துவார்கள். சட்ட ஆய்வு, சேனல்களோடும் கட்சிகளோடும் கலந்தாய்வு, வரைவு, பயிற்சி, முன்னோட்டக் கண்காணிப்பு, இறுதி ஆவணம் என்று வேலை நகரும். கடைசியில் கைக்கு வருவது நூறு, நூற்றைம்பது பக்கம். இந்தச் சேவையைத்தான் இங்கே எடைபோடுகிறோம். தனி நிறுவனம் எதையும் குறிவைக்கவில்லை. தேறுகிற இடமும் சொதப்புகிற இடமும் ஏறக்குறைய எல்லாரிடமும் ஒன்றுதான்.

முதல் முப்பது பக்கத்துக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. கருத்துச் சுதந்திரம், பன்மைத்தன்மை, ஆணையத்தின் தன்னாட்சி என்று அங்கே எழுதப்படுவதெல்லாம் ஏற்கெனவே பொதுவில் கிடைக்கிறது. தேர்தல் காலச் செய்திகள் பற்றி ஐரோப்பிய கவுன்சில் 2007-இல் வெளியிட்ட பரிந்துரையை யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். ஆலோசகரின் கைத்திறம் தெரிவது பின்னால் வரும் குறியீட்டுக் கையேட்டிலும் (எதை எப்படி அளந்து, எந்த வகையில் குறிப்பது என்று கண்காணிப்பாளருக்குச் சொல்லும் பகுதி), அதைச் சோதித்துப் பார்த்த முன்னோட்டத்திலும்தான். ஒப்பந்தத்தில் பக்கக் கணக்கை விட்டுவிட்டு இந்த இரண்டுக்கும் தனித்தனியாக விலை போடச் சொல்லுங்கள்.

சட்ட ஆய்வு என்ற பெயரில் பிரிவுகளை வரிசையாகச் சுருக்கி எழுதித் தருவது வழக்கம். அது ஆணையத்தின் சட்டப் பிரிவினருக்கே தெரிந்த விஷயம். தேவைப்படுவது ஒரு அட்டவணை. ஒவ்வொரு சட்டப்பிரிவுக்கும் எதிரே, திரையில் எதைப் பார்க்க வேண்டும், எந்த அலகில் அளக்க வேண்டும், எந்த வரம்பைத் தாண்டினால் மீறல், என்ன ஆதாரம் எடுத்து வைக்க வேண்டும், யார் முடிவெடுப்பார் என்று ஐந்து கட்டங்கள். ஏதாவது ஒரு கட்டம் நிரம்பாமல் நின்றால் அந்தப் பிரிவை அப்படியே கண்காணிக்க முடியாது. அதை மழுப்பாமல் எழுதிக் கொடுக்கும் ஆலோசகரை நம்பலாம்.

இருப்பதிலேயே எளிதான விதியை எடுத்துக்கொள்வோம்: மணிக்கு 12 நிமிட விளம்பரம். 720 நொடி, அவ்வளவுதானே என்று தோன்றும். மணி என்பது கடிகார மணியா, தொடர்ந்து வரும் எந்த அறுபது நிமிடமுமா? 7:57-க்குத் தொடங்கி 8:03-க்கு முடியும் இடைவேளையை எட்டு மணியில் வெட்டி மும்மூன்று நிமிடமாகப் பிரிப்பதா, தொடங்கிய மணியிலேயே முழுதாக எழுதுவதா? சேனல் தன் சொந்த நிகழ்ச்சிக்குப் போடும் ப்ரோமோ சேருமா? 'இந்த நிகழ்ச்சியை உங்களுக்கு வழங்குவோர்' அறிவிப்பு? செய்தி ஓடும்போதே திரையின் ஓரத்தில் வந்து போகும் விளம்பரப் பட்டை? ஐந்து கேள்விக்கும் கையேட்டில் பதில் இல்லையென்றால், ஒரே இரவு ஒளிபரப்பை இரண்டு கண்காணிப்பாளர்கள் அளந்து இரண்டு விடை கொண்டுவருவார்கள். சேனலின் வக்கீலுக்கு அது போதும்.

இன்னொரு பொறியும் இங்கேயே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் தன் ஒலி-ஒளி ஊடகச் சேவை நெறிமுறையை 2018-இல் திருத்தியபோது மணிக்கணக்கைக் கைவிட்டது. விளம்பரத்துக்கு இப்போது உச்சவரம்பு காலை 6 முதல் மாலை 6 வரையான நேரத்தில் 20 சதவீதம், மாலை 6 முதல் நள்ளிரவு வரை 20 சதவீதம். அதாவது 144 நிமிடம், 72 நிமிடம். ஆனால் ஆலோசகர்களின் கணினியில் கிடக்கும் எக்செல் படிவம் பல நேரம் பழைய மணிக்கணக்குப் படிவமாகவே இருக்கிறது. நாட்டின் பெயரை மாற்றி அதையே தந்துவிடுவார்கள். படிவம் உங்கள் சட்டத்துக்கு எழுதப்பட்டதா, வேறு நாட்டிலிருந்து வந்ததா என்று பார்க்க இந்த ஒரு தாள் போதும்.

தேர்தல் கண்காணிப்புப் பகுதிதான் இந்தச் சேவையின் உயிர். நல்ல குழுவுக்கும் சுமாரான குழுவுக்கும் வித்தியாசம் இங்கே பளிச்சென்று தெரியும். 90 நொடிச் செய்தி ஒன்று: வாசிப்பாளர் அமைச்சரைப் பற்றி 20 நொடி பேசுகிறார், அமைச்சரின் குரல் 35 நொடி, செய்தியாளர் எதிர்க்கட்சியின் மறுப்பை 25 நொடி விவரிக்கிறார், எதிர்க்கட்சித் தலைவரின் குரல் 10 நொடி. சொந்தக் குரலை மட்டும் எண்ணினால் 35-க்கு 10, மூன்றரை மடங்கு. அவர்களைப் பற்றிய நேரத்தையும் சேர்த்தால் 55-க்கு 35, ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டுகிறது. இரண்டும் சரியான அளவுதான், ஆனால் இரண்டும் வேறு கதை சொல்கின்றன. கையேடு இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வைக்க வேண்டும். அறிக்கையில் எது எந்தக் கணக்கு என்று தலைப்பிலேயே போட வேண்டும். ஒரே கட்டத்தில் 'நேரம்' என்று மட்டும் இருந்தால் வரைவைத் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்து, அந்த அமைச்சர் யாராக வந்தார்? பாலம் திறக்கிறார், பேச்சின் நடுவே ஓட்டும் கேட்கிறார். ஆளுக்கு ஒரு கட்டம், எந்தப் பொறுப்பில் தோன்றினார் என்பதற்கு இன்னொரு கட்டம் என்று பிரித்துவிட்டால், பிற்பாடு எப்படி வேண்டுமானாலும் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பிரான்சில் தேர்தல் இல்லாத காலத்தில் ஆட்சித்தரப்புக்குப் பேச்சு நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கி, மீதியைக் கட்சிகளுக்கு அவற்றின் செல்வாக்கை ஒட்டிப் பகிர்கிறார்கள். இப்படி ஒரு விதி நாளை உங்கள் நாட்டில் வந்தாலும், பொறுப்பைத் தனியாகக் குறித்துவைத்த தரவு உதவும். குறிக்காமல் விட்டால் பழைய பதிவுகளை முதலிலிருந்து பார்க்க வேண்டியதுதான்.

தொனியைக் குறியிடும் இடத்தில்தான் அதிகக் குளறுபடி. செய்தி கெட்டதா என்பதையும், அந்த ஆளைக் காட்டிய விதம் கெட்டதா என்பதையும் புதியவர்கள் போட்டுக் குழப்புவார்கள். வேட்பாளர் மீது வழக்குப் பதிவானது என்று மட்டும் வாசித்தால் எதிர்மறை நிகழ்வு, நடுநிலைச் செய்தி. இந்த வேறுபாட்டை விளக்கக் குறைந்தது இருபது உதாரணங்களாவது கையேட்டில் வேண்டும். அதுவும் அந்த நாட்டின் சேனல்களிலிருந்து எடுத்த துண்டுகளாக. பயிற்சியில் வேற்று நாட்டு வீடியோவைப் போட்டுக் காட்டிவிட்டுப் போகும் ஆலோசகர்களுக்கு எங்களிடம் மதிப்பெண் இல்லை.

குறியீடு நம்பத்தக்கதா என்று எப்படிச் சோதித்தார்கள்? 'கண்காணிப்பாளர்கள் 86 சதவீதம் ஒத்துப்போனார்கள்' என்று அறிக்கையில் எழுதியிருப்பார்கள். மயங்கிவிட வேண்டாம். உதாரணமாக, இருவர் 100 செய்திகளைத் தனித்தனியே பார்த்து, ஆளுக்கு 90-ஐ நடுநிலை என்றும் 10-ஐச் சாய்வு என்றும் போட்டிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் போட்டிருந்தாலே 82 இடத்தில் ஒத்துப்போயிருக்கும். 86 வந்தால், இருவரும் சேர்ந்து சாய்வு என்று சொன்னது மூன்றே செய்தி. தற்செயலைக் கழித்துக் கணக்கிடும் கோஹன் கப்பா 0.22 மட்டுமே. கண்டுபிடிக்க வேண்டியது சாய்வை. அதிலேதான் இருவரும் ஒத்துப்போகவில்லை. அதனால் இதேபோல் தற்செயலைக் கழித்து ஒத்திசைவை அளக்கும் கிரிப்பென்டார்ஃப் ஆல்ஃபாவைக் கேளுங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாக. 0.80-க்கு மேல் நல்லது, 0.667-க்குக் கீழே வந்தால் அந்தக் கட்டத்தை வைத்து எந்தச் சேனல் மீதும் எதுவும் சொல்லக் கூடாது. நொடிக்கணக்கு சுலபமாகத் தேறிவிடும். தொனி முதல் சுற்றில் தேறினால் ஆச்சரியம். வரையறையைத் திருத்தி மறுபடி ஓட்டத்தான் முன்னோட்டத்துக்கு நாள் ஒதுக்குவது. இரண்டாம் சுற்றே இல்லாத முன்னோட்டம் வெறும் சம்பிரதாயம்.

ஆள்கணக்கை ஆலோசகர்கள் தொட மாட்டார்கள். அது ஆணையத்தின் பட்ஜெட் என்று ஒதுங்கிவிடுவார்கள். ஆனால் மாலை 6 முதல் நள்ளிரவு வரை ஐந்து சேனல் என்றால் நாளுக்கு 30 மணி நேர ஒளிபரப்பு. ஒரு மணி நேரத்தைக் குறியிட மூன்று மணி ஆகிறது என்று வைத்தால் 90 மணி வேலை. ஒருவர் கண் சோராமல் ஆறு மணி பார்ப்பார் என்றால் 15 பேர், இரட்டைச் சோதனையும் விடுப்பும் சேர்க்காமல். வழிகாட்டியில் இந்தக் கணக்கு இல்லையென்றால், நாலு பேர் இருக்கும் பிரிவிடம் நடக்காத திட்டம் ஒன்றை ஒப்படைத்ததாகத்தான் ஆகும். ஆள் போதாதபோது எதைக் கைவிடலாம் என்ற வரிசையும் அதிலேயே இருக்க வேண்டும்.

பதிவு பற்றிய அத்தியாயம் வழக்கமாக ஒப்புக்கு எழுதப்பட்டிருக்கும். நொடிக்கு 2 மெகாபிட் தரத்தில் ஒரு சேனல் நாளுக்கு 21.6 கிகாபைட். இருபது சேனலை 60 நாள் வைத்திருக்க ஏறத்தாழ 26 டெராபைட், நகல் வேண்டுமென்றால் இரட்டிப்பு. எத்தனை நாள் வைப்பது என்பதைப் புகார் காலக்கெடு, விசாரணைக் காலம், மேல்முறையீட்டுக் காலம் மூன்றையும் கூட்டித்தான் தீர்மானிக்க வேண்டும். பிரிட்டனின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காம் இந்தச் சுமையைச் சேனல்கள் மேலேயே வைக்கிறது: டிவிக்கு 60 நாள், ரேடியோவுக்கு 42 நாள்; கேட்டபோது பதிவைத் தராவிட்டால் அதுவே உரிம மீறல். செலவு குறைந்த வழி. சேனல்கள் ஒத்துழைக்காத நாட்டில் ஆணையமே பதிவதுதான் பாதுகாப்பு.

ஆணையமே பதிந்தால் கோளாறுகளும் ஆணையத்துக்கே. செட்டாப் பாக்ஸ் உறைந்து ஒரே காட்சி இரவு முழுக்கப் பதிவாகும். சந்தா முடிந்து கறுப்புத் திரை பதிவாகும். கோப்பின் அளவு சரியாக இருப்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். மணிக்கு ஒரு சட்டகத்தை (ஃபிரேம்) தானாக எடுத்துக் காட்டும் சோதனையும், விடுபட்ட நேரங்களுக்கு ஒரு பதிவேடும் வேண்டும். எல்லாப் பதிவுக் கருவிகளும் ஒரே நேரச் சேவையகத்தோடு ஒத்திசைய வேண்டும். கோப்பு முடிந்தவுடன் ஹேஷ் மதிப்பு (கோப்பில் துளி மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) எடுத்துத் தனியிடத்தில் சேமிக்க வேண்டும். இல்லையென்றால் 'இது எங்கள் ஒளிபரப்பு இல்லை, நடுவில் வெட்டியிருக்கிறார்கள்' என்ற வாதத்துக்கு உங்களிடம் பதில் இருக்காது.

வெறுப்புப் பேச்சுக்குச் சொற்பட்டியல் தரும் வரைவுகளை உடனே ஓரம் கட்டலாம். அந்தச் சொல்லைக் கண்டித்துப் பேசுபவரும் அதில் சிக்குவார்; அந்தச் சொல்லே இல்லாமல் கொளுத்திப் போடுபவர் தப்பிவிடுவார். ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் 2012 ரபாத் செயல்திட்டம் ஆறு கேள்விகளை வைக்கிறது: சூழல், பேசியவர் யார், நோக்கம், பேச்சின் உள்ளடக்கமும் வடிவமும், எவ்வளவு தூரம் பரவியது, உடனடித் தீங்குக்கு எவ்வளவு வாய்ப்பு. இந்த ஆறையும் ஒரு பக்கப் படிவமாக்கி, ஒவ்வொன்றுக்கும் கண்காணிப்பாளர் நேரக்குறிப்போடு எழுத இடம் விட்டிருந்தால் நல்ல வேலை. படிவத்தின் கீழே 'மீறல் / மீறல் இல்லை' என்ற கட்டம் இருக்கவே கூடாது. கண்காணிப்பாளர் கண்டதை எழுதுவார், வழக்கு அலுவலர் பிரிவோடு பொருத்துவார், சேனலின் பதிலைக் கேட்ட பிறகு ஆணையம் முடிவெடுக்கும். மூன்றும் ஒரே மேசையில் நடந்தால் மேல்முறையீட்டில் நிற்காது.

தானியங்கி மென்பொருளைச் சேர்த்து விற்பவர்களும் உண்டு. ஒரே விளம்பரம் திரும்பத் திரும்ப வருவதை ஒலிக்கைரேகை (ஒலியிலிருந்து எடுக்கும் தனி அடையாளம்) வைத்துப் பிடிப்பதில் அவை கெட்டி. அந்த வேலைக்கு வாங்கலாம். பேச்சை எழுத்தாக்கும் பகுதி, விவாத மேடையில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது திணறும். தரவு குறைந்த மொழியென்றால் இன்னும் மோசம். இயந்திரம் சந்தேகமான இடங்களுக்குக் கொடி காட்டலாம், ஒவ்வொரு கொடியையும் ஒரு மனிதர் பார்த்த பிறகே எண்ணிக்கையில் சேர வேண்டும் என்று வழிகாட்டியில் எழுதியிருக்கிறதா பாருங்கள்.

ஆணையத்தின் அதிகார வரம்பைத் தாண்டி எழுதுவது இன்னொரு பழக்கம். சட்டம் வானொலி, தொலைக்காட்சியோடு நின்றால் பத்திரிகைக்கும் சமூக ஊடகத்துக்கும் அத்தியாயம் எதற்கு? ஆவணம் கொழுக்கும், அவ்வளவுதான். ஒளிபரப்புக்கு முன்பே பார்த்து அனுமதிப்பது போன்ற ஒரு வரி எங்காவது நுழைந்திருந்தால் அது கண்காணிப்பே இல்லை, தணிக்கை.

ஒப்பந்தத்தில் சேர்க்க: படிவங்களும் கணக்குச் சூத்திரங்களும் திருத்தக்கூடிய கோப்பாக வேண்டும், பிடிஎஃப் மட்டும் ஏற்க முடியாது. கடைசித் தவணையை முன்னோட்டத்தின் இரண்டாம் சுற்று ஆல்ஃபாவோடு கட்டுங்கள். கையேட்டின் இறுதி வடிவம் கண்காணிப்பு தொடங்குவதற்கு முன்பே பொதுவில் வெளியாக வேண்டும். எதை அளக்கப்போகிறார்கள் என்று சேனல்களுக்கு முன்கூட்டியே தெரியாமல் செய்த கண்காணிப்பு, எண் எவ்வளவு சரியாக இருந்தாலும், பழிவாங்கல் என்றே பேசப்படும். முதல் தேர்தல் முடிந்த பிறகு ஒரு முறை வந்து திருத்தித் தருவதும் அதே விலையில் அடங்க வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ளத் தயங்கும் குழுவிடம், முன்பு எழுதிய வழிகாட்டிகளில் எத்தனை இன்னும் பயன்பாட்டில் இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள்.